வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

நியூ ஜெர்சியில் பெரும்பாலான பள்ளிகள் செப்டம்பர் முதல் திங்கள், அதாவது லேபர் டே முடிந்த பிறகுதான் திறக்கும். எங்களுக்கு வேலை ஆகஸ்ட் நடுவிலேயே ஆரம்பித்துவிடும். நான் இங்கே ஓர் அரசுப் பள்ளியில் ஈ.எஸ்.எல் ஆசிரியை. ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருவது என் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்தால் கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றும். இங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் ஊரார் வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி. நீங்கள் குடியிருக்கும் முகவரிதான் எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்யும்.

பதிவுக்கு வரும் நம் குடும்பங்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கையில் தடிமனான ஃபைல் இருக்கும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அவ்வளவு சமர்த்தாக வருகிறவர்கள் ஒரே ஒரு தாளில் சறுக்குகிறார்கள். வீட்டு மொழி பற்றிய கேள்வித்தாள் அது. குழந்தை முதலில் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று இரண்டு மூன்று கேள்விகள் இருக்கும். பேனாவை எடுத்ததும் அப்பாக்கள் கை தயங்காமல் 'இங்கிலீஷ்' என்று எழுதுகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையோ, "அம்மா, தூக்கம் வருது" என்று புடவையை இழுத்துக்கொண்டிருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும். 'தமிழ்னு போட்டா பிள்ளையை ஈ.எஸ்.எல்-ல தள்ளிடுவாங்க' என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஏதோ தண்டனைக் கொட்டடி மாதிரி.

சில வருடங்களுக்கு முன்னால் கிண்டர்கார்டனில் ஒரு பையன் சேர்ந்தான். படிவத்தில் மூன்று கேள்விக்கும் இங்கிலீஷ் என்றே பதில். அதனால் அவன் பெயர் என் பட்டியலுக்கு வரவே இல்லை. முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. அடிக்கடி சுண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினானாம். வகுப்பாசிரியை அமெரிக்கப் பெண்மணி. விரலில் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்து நர்ஸிடம் அனுப்பியிருக்கிறார். நம் ஊரில் அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை கால்சட்டையை நனைத்துக்கொண்டான். 'இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளை, ஐந்து வயதாகியும் பேச்சு இல்லை' என்று ஸ்பீச் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கும் பேச்சு தொடங்கிவிட்டது.

நான் அவனைச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் பார்த்தேன். டப்பாவைத் திறந்து, "இன்னைக்கும் தயிர் சாதமா" என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். குனிந்து, "ஊறுகாய் வைக்கலையா அம்மா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். தாத்தா வீட்டு நாய்க்குட்டியிலிருந்து விமானத்தில் வாந்தி எடுத்தது வரை கொட்டித் தீர்த்துவிட்டான். பேச்சுக் குறைபாடாம்!

தமிழ்ப் பிள்ளை 'think' என்பதில் வரும் 'th' ஒலியை நம் 'த' மாதிரிச் சொல்வதும், 'a', 'the' போன்ற சின்னச் சொற்களை விழுங்கிவிட்டுப் பேசுவதும் கோளாறு இல்லை. முதல் மொழியின் சாயல் அது. படிவத்தில் தமிழ் என்று இருந்தால் ஸ்பீச் தெரபிஸ்ட் அதற்குத் தக்கபடி எடைபோடுவார். இங்குள்ள மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டமே, இயன்றவரை பிள்ளையின் சொந்த மொழியில் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. தமிழ் என்று யாருமே சொல்லாவிட்டால் அந்தச் சட்டத்தால் என்ன பயன்? எதிர்ப்பக்கமும் உண்டு. நிஜமாகவே பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளை தமிழிலும் திணறும். இரண்டு மொழியையும் கேட்டால்தான் அது பிடிபடும்.

சரி, தமிழ் என்று எழுதினால் என்ன நடக்கும்? நேராக ஈ.எஸ்.எல்-லில் போட்டுவிட மாட்டோம். ஒரு சிறு தேர்வு வைப்போம். நியூ ஜெர்சியில் விடா என்ற அமைப்பின் தேர்வு. கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று வயதுக்கு ஏற்றபடி இருக்கும். பிள்ளை நன்றாகச் செய்தால் கதை அங்கேயே முடிந்தது. உதவி தேவை என்று தெரிந்தால், பள்ளி ஆண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் உங்களுக்குக் கடிதம் வர வேண்டும். நடுவில் சேர்ந்த பிள்ளைக்கு இரண்டு வாரம். வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும் ஆண்டுதோறும் வைக்கும் ஆங்கிலத் திறன் தேர்வைப் பிள்ளை எழுதத்தான் வேண்டும்.

இது பள்ளி காட்டும் தயவு இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தங்களுக்குப் புரியாத மொழியில் பாடம் நடக்கிறது என்று வழக்குப் போட்டு, 1974-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய உரிமை. விசா பயமும் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இலவசக் கல்வியை மறுக்க முடியாது என்று 1982-லேயே இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. பள்ளிக் கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், காசு கிடையாது. நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். கௌரவக் குறைச்சலாம். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்காவைக் கூட்டிவந்து தம்பியைப் பற்றிய பேச்சை மொழிபெயர்க்க வைப்பார்கள். அவள் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள் என்று அக்கா தம்பியோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

பெயர் இன்னொரு தொல்லை. பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் சர்நேம் கட்டத்தில் ஏறி, கிவன் நேம் காலியாக இருந்தால், விசாவில் அங்கே 'எஃப்.என்.யு' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அப்படியே பள்ளிக் கணினியில் ஏறினால், வருகைப் பதிவில் பிள்ளையை "ஃப்னூ" என்று கூப்பிடுவார்கள். பிள்ளையை எப்படி அழைக்க வேண்டும் என்பதைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

போன வாரம் ஓர் அம்மா கேட்டார்: "அக்கா, ரெண்டும்தான் பேசுறோம், எதை எழுதறது?" அடிபட்டால் எந்த மொழியில் அழுவான் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே தமிழ் என்று எழுதினார். கையோடு, பள்ளிக்காக வீட்டில் இப்போது ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். 'ரெஸ்ட்ரூம்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் முதல் நாளுக்குள் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். சுண்டு விரல் இங்கே செல்லாது.

ஏற்கெனவே இங்கிலீஷ் என்று எழுதிக் கொடுத்திருந்தால், பள்ளி அலுவலகத்துக்குப் போய், தவறாக எழுதிவிட்டோம், திருத்த வேண்டும் என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பையனின் அப்பாவும் அக்டோபரில் வந்து அப்படித்தான் திருத்தினார்.