புகையில் விளையும் நிறம்: கலிலேயோ கீனியின் லஸ்டர் பீங்கான்

லஸ்டர் ஜாடி, அதாவது உலோகம்போல மினுங்கும் பீங்கான் ஜாடி, சூளையை விட்டு வெளியே வரும்போது யாரும் அதைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். மேலெல்லாம் கரி அப்பியிருக்கும். தூரிகை ஓடிய இடங்களில் செங்காவி மண் பொருக்குத் தட்டி நிற்கும். ஈரத்துணியில் கொஞ்சம் மெல்லிய சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் அந்த மண் பொலபொலவென்று உதிர்ந்து, அடியில் பொன்னும் செம்புமாக ஒரு கோடு மின்னும். ஜாடியைக் கொஞ்சம் திருப்பினால் அதே கோடு ஊதாவுக்கோ பச்சைக்கோ நழுவும். விரலால் தடவிப் பார்த்தால் மேடு எதுவும் தட்டுப்படாது, நகத்தால் சுரண்டினாலும் பெயராது. தீட்டிய மண் முழுவதும் துணியோடு போய்விட்டது. மிஞ்சியிருக்கும் நிறம் கண்ணாடிப் பூச்சின் உள்ளே இருக்கிறது.

இந்த வித்தையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் மறுபடி பேச வைத்தவர்களில் முக்கியமானவர் கலிலேயோ கீனி. (இத்தாலியச் சொல்லை ‘சினி’ என்று படிப்பது தவறு.) 1873-இல் ஃபுளோரன்ஸில் பிறந்தார். படிப்பும் பழக்கமும் ஓவியத்தில்தான். சுவரோவியம், அலங்காரம், பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பது என்று கை பழகியவர், 1896-இல் நண்பர்கள் மூவரோடு ‘ஆர்த்தே தெல்லா செராமிக்கா’ என்ற பட்டறையைத் தொடங்கினார். மாதுளம்பழம் அதன் முத்திரை. நான்கே ஆண்டில், 1900-இல், பாரிஸ் உலகக் கண்காட்சியின் உயர்ந்த பரிசு அதற்குக் கிடைத்தது. பிறகு அங்கிருந்து விலகி, ஒன்றுவிட்ட சகோதரர் கீனோ கீனியுடன் 1906-இல் ஃபுளோரன்ஸுக்கு வடக்கே முஜெல்லோ பள்ளத்தாக்கில் போர்கோ சான் லொரென்ஸோ ஊரில் ‘ஃபோர்னாச்சி சான் லொரென்ஸோ’ என்ற சூளைக்கூடத்தை நிறுவினார். இரும்புக் கிராதியில் வைத்து வாட்டிக் கொல்லப்பட்ட புனித லாரன்ஸின் பெயர் அது. அதனால் முத்திரையிலும் கிராதி, கூடவே ஃபுளோரன்ஸின் லில்லிப்பூ. சூளைக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான புனிதர் கிடைப்பது கடினம்.

லஸ்டருக்கு ஒரே சாமானை மூன்று முறை சுட வேண்டும். முதல் இரண்டும் இத்தாலிய மயோலிகாவுக்கு, அதாவது வெள்ளைப் பூச்சின் மேல் வண்ணம் தீட்டிய மண்பாண்டத்துக்கு, பொதுவானவை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த களிமண்ணில் வனைந்து, காயவைத்து, 950 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். சுண்ணாம்பு வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. சுட்ட மண் ஆறும்போது சுருங்கும் அளவும் அதன்மேல் வரப்போகும் கண்ணாடிப் பூச்சு சுருங்கும் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பூச்சில் வலைபோல வெடிப்பு விழும், அல்லது ஓரங்களில் செதில் செதிலாகப் பெயரும்.

இரண்டாவது, வெள்ளைப் பூச்சு. மணல், ஈய ஆக்சைடு, மதுப் பீப்பாயின் அடியில் படியும் வண்டலைச் சுட்டு எடுத்த பொட்டாசிய உப்பு ஆகியவற்றோடு வெள்ளீய ஆக்சைடும் சேரும். இந்த வெள்ளீயம் கண்ணாடியில் கரையாமல் நுண்ணிய படிகங்களாக மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. பூச்சு பால்வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். கோபால்ட் நீலம், செம்புப் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், மாங்கனீசுப் பழுப்பு ஆகியவற்றை இந்தப் பூச்சின் மேல் தீட்டி 900 டிகிரியைத் தாண்டிச் சுடுவார்கள். மயோலிகா இங்கேயே முடிந்துவிடும். ஜாடியைக் கடைக்கு அனுப்பலாம்.

லஸ்டர்காரர் அனுப்ப மாட்டார். முடிந்த சாமானின் மேல் மறுபடி தீட்டுவார். இந்தக் குழம்பில் பாதிக்கு மேல் காவி மண்தான். அதோடு செம்பின் சேர்மம், பொன்னிறம் வேண்டுமானால் வெள்ளியின் சேர்மம், கரைக்க வினிகர். பதினாறாம் நூற்றாண்டில் மட்பாண்டக் கலை பற்றி நூல் எழுதிய இத்தாலியர் சிப்ரியானோ பிக்கோல்பாஸோ தரும் செய்முறையிலும் செம்மண், செம்பு, சுட்ட வெள்ளி, வினிகர் எல்லாம் வருகின்றன. காவி மண்ணுக்கு நிறம் கொடுக்கும் வேலை இல்லை. செம்பையும் வெள்ளியையும் பூச்சின் மேல் பரவலாகப் பிடித்து வைத்திருப்பதும், சூட்டில் குழம்பு உருகி ஓடாமல் பார்த்துக்கொள்வதும், கடைசியில் சுலபமாக உதிர்ந்துபோவதும்தான் அதன் வேலை.

மூன்றாவது சூடு 600 டிகிரியை ஒட்டியது. ஏன் அந்த அளவு? ஈயம் கலந்த கண்ணாடி இந்தச் சூட்டில் உருகாது, ஆனால் உள்ளுக்குள் இளகிவிடும். அணுக்களின் சட்டகம் தளர்ந்து, அதில் உட்கார்ந்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் இடம்பெயரத் தொடங்கும். குழம்பிலிருந்து செம்பும் வெள்ளியும் அயனிகளாக உள்ளே நுழைந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். வெளியேறிய காரம் (அந்தச் சோடியமும் பொட்டாசியமும்) மண்ணுக்கு வந்துசேரும். ஒரு ஆள் இறங்கினால் ஒரு ஆள் ஏறும் பேருந்துபோலத்தான். பூச்சில் காரம் குறைவாக இருந்தால் இறங்க ஆளே இல்லை, எத்தனை வெள்ளி போட்டாலும் வெளியிலேயே நிற்கும்.

உள்ளே போனாலும் இன்னும் அது உலோகமல்ல. உலோகமாக்குவது புகை. சூடு ஏறியதும் காற்று வரும் வழியை அடைத்து, அடுப்பில் காய்ந்த சுள்ளியைத் திணிப்பார்கள். ஆக்சிஜன் போதாமல் எரியும் விறகு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் கக்கும். இவை ஆக்சிஜனுக்குப் பசித்த வாயுக்கள், பூச்சிலிருந்தும் அதைப் பறித்துக்கொள்ளும். செம்பும் வெள்ளியும் தனி அணுக்களாக விடுபடுகின்றன, அருகிலிருப்பவை ஒன்றுகூடி உருண்டைகளாகின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். இந்த உருண்டைகள் நிறைந்த அடுக்கு தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்கும் மேலே, சில நானோமீட்டர் கனத்தில், உலோகமே இல்லாத கண்ணாடித் தோல் ஒன்று மூடியிருக்கும். நகத்துக்கும் துணிக்கும் நிறம் அகப்படாததற்கு இந்தத் தோல்தான் காரணம். நம் வீட்டுத் தேநீர்க் கோப்பையின் தங்க விளிம்பு வேறு ரகம். அது மேலே ஒட்டிய மெல்லிய உலோகப் படலம், பத்து வருடம் தேய்த்தால் போய்விடும்.

இனி நிறம். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் அலைகின்றன. உருண்டை இவ்வளவு சிறியதாகும்போது, மேலே விழும் ஒளி அலை அந்த எலெக்ட்ரான் கூட்டம் முழுவதையும் ஊஞ்சல்போல ஆட்டுகிறது. ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு அல்லவா? அந்தத் தாளத்தோடு பொருந்தும் ஒளியை மட்டும் உருண்டை விழுங்கிக்கொள்ளும். வெள்ளிக்கு அது 400 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டிய ஊதா-நீல ஒளி. அதை எடுத்துவிட்டால் கண்ணுக்கு எஞ்சுவது மஞ்சள். செம்புக்கு 560-ஐ ஒட்டிய பச்சை ஒளி, எஞ்சுவது சிவப்பு. இயற்பியலில் இதைப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்கிறார்கள். தேவாலயச் சன்னல் கண்ணாடியில் வெள்ளிச் சேர்மத்தைத் தடவிச் சுட்டு மஞ்சள் ஏற்றுவதும் இதே வேதியியல்தான். வண்ணக் கண்ணாடிச் சன்னலும் கீனியின் கூடத்தில் தயாரானது என்பது பொருத்தமான தற்செயல்.

மஞ்சளும் சிவப்பும் வந்துவிட்டன, உலோக மினுக்கு எங்கிருந்து வருகிறது? அதற்கு உருண்டைகள் மெல்லிய அடுக்கில் நெருங்கி நிற்க வேண்டும். ஆழமாகப் பரவிக் கிடந்தால் வெறும் கறையாகத்தான் தெரியும். ஈயத்தின் அருமை இங்கேதான். ஈயக் கண்ணாடியில் அயனிகள் மெதுவாக ஊடுருவுவதால் உலோகம் மேற்பரப்பை ஒட்டியே தேங்கி நிற்கிறது. ஜாடியைத் திருப்பும்போது நிறம் மாறுவதற்குக் காரணம் வேறு. கண்ணாடியின் மேல்முகத்திலிருந்து திரும்பும் ஒளியும் உள்ளே உலோக அடுக்கிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்ந்து, சில நிறங்களைக் கூட்டிச் சில நிறங்களை அடித்துவிடுகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் ஒளி கடக்கும் தூரம் மாறும், கூடும் நிறமும் மாறும். மயிலிறகின் நிறமும் சாயத்தால் வருவதல்ல, நுண்ணிய அடுக்கமைப்பால் வருவதுதான். கீனியின் பீங்கான்களில் மயிலிறகுக் கண் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்தக் காலத்து ‘லிபர்ட்டி’ எனப்பட்ட இத்தாலிய அலங்காரப் பாணி ஓவியர்கள் எல்லோரும் மயிலைத் தீட்டினார்கள் என்றாலும், லஸ்டரில் அது மற்ற எதையும்விடப் பொருந்துகிறது.

கெடுவதற்கு வழிகள் ஏராளம். சூடு கொஞ்சம் கூடினால் காவி மண் இளகிய பூச்சில் புதைந்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் வராது. குறைந்தால் அயனிகள் நுழையாமல் வெளிறிய கறைதான் மிஞ்சும். புகை அளவுக்கு மீறினால் செம்பு உருண்டைகள் பருத்து ஈரல் நிறமாக மங்கும், கரி பூச்சில் சிக்கிச் சாம்பல் பூக்கும், பூச்சிலுள்ள ஈயமே உலோகமாகிக் கறுத்துப்போவதும் உண்டு. சூளை ஆறுவதற்குள் காற்று புகுந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் தலைகீழாகிச் செம்பு திரும்ப ஆக்சைடாகும், சிவப்பு இருந்த இடத்தில் பச்சை தெரியும். ஒரே சூளையில் அடுப்புப் பக்கம் இருந்த தட்டு ஒரு நிறம், மூலையில் இருந்தது இன்னொரு நிறம். சுடுபவருக்குத் துணை சோதனைத் துண்டுகள்தான். அதே பூச்சு, அதே குழம்பு தடவிய சில்லுகளைச் சூளைச் சுவரின் ஓட்டைக்கு அருகில் வைத்து, கம்பியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, தேய்த்துப் பார்த்து, இன்னும் புகை வேண்டுமா நிறுத்தலாமா என்று முடிவெடுப்பார்கள். நூறு சாமான் வைத்தால் பல நேரம் ஆறு தேறுவதே பெரும்பாடு என்று பிக்கோல்பாஸோ எழுதினார். குப்பியோ நகரின் மாஸ்ட்ரோ ஜார்ஜோ அதே பதினாறாம் நூற்றாண்டில் மாணிக்கச் சிவப்பு லஸ்டருக்குப் பெயர் பெற்றிருந்தார். வேறு ஊர்ப் பட்டறைகள் தீட்டி முடித்த தட்டுகள்கூடக் கடைசிச் சூட்டுக்கு அவரிடம் போயின.

லஸ்டரில் தூரிகை முடிவு செய்வது இடத்தை மட்டும்தான், நிறத்தைச் சூளை முடிவு செய்கிறது. இதை ஓவியர் ஒருவர் ஏற்றுக்கொள்வது எளிதல்ல. கீனியின் வடிவங்களைப் பார்த்தால் அவர் அதோடு சமாதானம் செய்துகொண்டவராகவே படுகிறது. பெரிய இலை, மீன், அழுத்தமான வெளிக்கோடு, இடையே அகலமான வெறும் பரப்பு. நிறம் நான்கு சாயல் தள்ளி விழுந்தாலும் இந்த வரைவு குலையாது. முகத்தின் சதை நிறத்தை லஸ்டரில் பிடிக்கப் போனால் பிழைக்க முடியாது.

நேர்மாறான குணம் கொண்ட உப்புப் பூச்சுக் கல்பீங்கானையும் சான் லொரென்ஸோ கூடத்தில் செய்தார்கள். சூளை 1250 டிகிரியை ஒட்டும்போது சாதாரண உப்பை உள்ளே வீசுவார்கள். அது ஆவியாகி, நீராவியோடு சேர்ந்து பிரிந்து, சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவைப் பிடித்து அங்கேயே கண்ணாடியாகும். ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியான சாம்பல் நிறப் பரப்பில் கோபால்ட் நீலம் மட்டும் அசையாமல் நிற்கும். புகைபோக்கி வழியே வெளியேறுவது ஹைட்ரஜன் குளோரைடு, பக்கத்தில் நிற்க முடியாது.

கீனி ஓவியத்தை விடவே இல்லை. சயாம் அரசரின் அழைப்பில் 1911-இல் பாங்காக் போய், 1913 வரை அனந்த சமாகோம் சிம்மாசன மண்டபத்தின் குவிமாடங்களில் சுவரோவியம் தீட்டினார். புச்சீனியின் ‘தூரண்தோ’ ஓபரா 1926-இல் மிலானில் முதன்முதலாக அரங்கேறியபோது மேடைக் காட்சிகள் அவருடையவை. பீங்கான் பக்கம் பெரிய வேலை, 1923-இல் திறந்த சல்சோமஜ்ஜோரே ஊரின் பெர்ஸியேரி வெந்நீர்க் குளியல் மாளிகை. அதன் முகப்பும் உள்ளும் சான் லொரென்ஸோ சூளையின் பீங்கானால் நிறைந்தவை. 1943 டிசம்பரில் குண்டுவீச்சில் அந்தச் சூளைக்கூடம் அழிந்தது. கீனி 1956-இல் காலமானார்.

போர்கோ சான் லொரென்ஸோவில் வில்லா பெகோரி ஜிரால்தி மாளிகையில் இப்போது கீனி அருங்காட்சியகம் இருக்கிறது. லஸ்டர் ஜாடியின் முன் நேராக நின்றால் பழுப்பு மஞ்சள்தான் தெரியும். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, சன்னல் வெளிச்சம் ஜாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும் கோணத்தைத் தேடுங்கள். கைப்பேசியின் ஃபிளாஷ் உதவாது, வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் படத்தில் விழும்.