கோலெம் ஓடாது, நடக்கும்

பழைய பிலிம் ரீல்களை ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்குவது என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரித் திரைப்பட மன்றத்தில் மௌனப் படங்களைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். என் பேச்சுக்கு முன்னால், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ‘கோலெம்’ படத்தைப் போட்டார்கள். களிமண் மனிதன் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும் காட்சி வந்ததும் அரங்கமே சிரித்தது. குடுகுடுவென்று ஓடினான் அவன். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படத்தில் கோலெம் எங்கேயும் அப்படி ஓடுவது கிடையாது.

1920-இல் பெர்லினில் எடுத்த படம் அது. பவுல் வேகனர், கார்ல் போசே இருவரும் இயக்கினார்கள். கோலெமாக நடித்ததும் வேகனர்தான். கதையின் வேர் யூதர்களின் வாய்மொழி மரபில் இருக்கிறது. பிராக் நகரத்து ரப்பி (யூத மதகுரு) லோவ், தன் மக்களைக் காப்பாற்றக் களிமண்ணில் ஓர் ஆளைப் பிசைந்து உயிர் கொடுக்கிறார். மரபுக்கதையின் ஒரு வடிவத்தில் அதன் நெற்றியில் ‘எமெத்’, அதாவது உண்மை என்று எழுதியிருக்கும். முதல் எழுத்தை அழித்தால் ‘மெத்’ மிஞ்சும். செத்தது என்று பொருள். படத்தில் நெற்றிக்குப் பதிலாக மார்பில் ஒரு நட்சத்திரம், அதற்குள் மந்திரச் சொல்.

இந்தப் பாத்திரத்தின் பயமெல்லாம் கனத்தில் இருக்கிறது. தடித்த பூட்ஸ், மண் அச்சில் வார்த்தது போன்ற தலைமுடி, மெதுவாகத் திரும்பும் கண். விறகு பிளக்கிறான், கிணற்றில் தண்ணீர் இறைக்கிறான், எல்லாமே நிதானமாக. வேகத்தைக் கூட்டினால் பயம் போய்விடும், கேலிதான் மிஞ்சும்.

வேகம் எப்படிக் கூடுகிறது? அந்தக் காலத்துக் கேமராவைக் கையால்தான் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20 பிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) என்று படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி மாறும். பேசும்படம் வந்தபிறகு 24 என்று நிலைத்துவிட்டது. குறைவான பிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாம் வேகமாகிவிடும். ஆயிரம் அடி 35 மி.மீ. பிலிமில் 16,000 பிரேம் இருக்கும். 18-இல் ஓட்டினால் ஏறக்குறைய 15 நிமிடம், 24-இல் ஓட்டினால் 11 நிமிடம்தான். அந்த நாலு நிமிடம் நடிகரின் உடம்பிலிருந்து பிடுங்கியது.

வேகம் மட்டுமில்லை. பேசும்படப் பிரிண்டில் ஒலித்தடத்துக்காக ஓரத்தில் இடம் விடுவார்கள். மௌனப் படத்தை அதே சட்டத்துக்குள் அடைத்தால் படத்தின் இடது ஓரம் போய்விடும். கட்டடக் கலைஞர் ஹான்ஸ் போல்ட்சிக் வடிவமைத்த யூதர் குடியிருப்பில் ஒரு சுவர்கூட நேராக நிற்காது; கூரைகள் விரல் மாதிரி வளைந்து நிற்கும். அந்த அழகில் ஒரு துண்டை ஸ்கேனருக்கு முன்னாடியே யாரோ வெட்டியிருப்பார்கள். வண்ணமும் அப்படித்தான். இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்று பிலிமைச் சாயத்தில் நனைப்பது அன்றைய வழக்கம். நகலுக்கு நகல் எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியில் நடு இரவும் பட்டப்பகலாகத் தெரியும்.

ஆகவே ஒரு மௌனப் படத்தைத் திரையிடுவதற்கு முன், தயவுசெய்து பிரதியைச் சோதியுங்கள். நடிகரைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள், அன்றைய நடிப்பே கொஞ்சம் மிகையாக இருக்கும். விழுகிற தண்ணீரைப் பாருங்கள், காற்றில் ஆடும் துணியைப் பாருங்கள். அவை பொய் சொல்லாது. தண்ணீர் அவசரமாக விழுந்தால் பிளேயரில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இந்தப் படத்துக்கு 2018-இல் ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளை, பிரஸ்ஸல்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்த மூல நெகட்டிவை வைத்துச் செய்த மீட்டெடுத்த பிரதி இருக்கிறது. கிடைத்தால் அதைப் போடுங்கள். வேகனர் எடுத்த மூன்று கோலெம் படங்களில் முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதான். நம் பக்கம், தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ ஓர் அடிகூட மிஞ்சவில்லை. அதனால்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

அடுத்த மாதம் அதே மாணவர்களை எங்கள் ஸ்டுடியோவுக்கு வரச்சொன்னேன். மீட்டெடுத்த பிரதி, சரியான வேகம். கடைசியில் கோலெம் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறி ஓட, ஒரு சின்னப் பெண் மட்டும் நின்று ஆப்பிளை நீட்டுகிறாள். அவன் அவளைத் தூக்குகிறான். அவள் விளையாட்டாக மார்பு நட்சத்திரத்தைப் பிடுங்க, அந்தப் பெரிய உடம்பு மெல்லச் சாய்கிறது.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், “சார், அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்களேன்” என்றாள்.