சுடர் எரிந்தால் குளிரும்: கேம்பர் வேன் ஃப்ரிட்ஜைக் கழற்றி மாட்டுவது

வீட்டு ஃப்ரிட்ஜில் உறுமுகிற கம்ப்ரசர், படுக்கையும் அடுப்பும் உள்ள பயண வண்டியான கேம்பர் வேனின் கேஸ் ஃப்ரிட்ஜில் கிடையாது. அதன் குளிர்விக்கும் பகுதியில் அசையும் பாகமே இல்லை. பின்னால் ஒரு சிறு நீலச் சுடர் எரிகிறது, உள்ளே பால் கெடாமல் இருக்கிறது. 1922இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் உருவாக்கிய ஏற்பாடு இது. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது.

மூடிய எஃகுக் குழாய்களுக்குள் தண்ணீர், அமோனியா, ஹைட்ரஜன் மூன்றும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கின்றன. சுடரின் சூட்டில், தண்ணீரில் கரைந்திருந்த அமோனியா ஆவியாகி மேலே ஏறுகிறது. பின்புறத் தகடுகளில் சூட்டை இழந்து திரவமாகிறது. அப்புறம் ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்குகிறது. சூட்சுமம் இங்கேதான். மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜன் தாங்கிக்கொள்வதால் அமோனியாவின் பங்கு குறைந்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் கடுங்குளிரிலும் அது ஆவியாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் மறுபடி அமோனியாவைக் கரைத்துக்கொள்ள, ஹைட்ரஜன் தனியே மேலே திரும்புகிறது.

இந்தக் குழாய்களை யாரும் திறக்கக் கூடாது. கழற்றும்போது அவற்றைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. குழாயில் மஞ்சள் கறையும் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியும் இருந்தால் கசிவு என்று பொருள். துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட்தான் அந்த மஞ்சள். நச்சுப்பொருள், கையால் தொட வேண்டாம். அந்த ஃப்ரிட்ஜை மறுபடி மாட்டுவதில் பயனில்லை.

சரி, கழற்றுவதற்கு வருவோம். முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் கேஸை அடுப்பில் எரித்துத் தீர்க்க வேண்டும். வெளி மின்சார வயரைப் பிடுங்கி, 12 வோல்ட் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். வேனின் தரையில் துளைகள் வைத்திருப்பது இதற்காகத்தான், அவற்றைக் குளிருக்குப் பயந்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள்!

கேஸ் இணைப்பை அவிழ்க்க இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று ஃப்ரிட்ஜ் பக்கத்தை அசையாமல் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரை வைத்து இழுத்தால் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். திறந்த முனைக்கு உலோக மூடி போட வேண்டும், டேப் போதாது. பிரிட்டனில் கேஸ் வேலைக்கான பதிவேடு 2009 முதல் ‘கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்’. அதில் வேன் கேஸ் வேலைக்கும் தகுதி பெற்றவரிடம் இந்த இணைப்பை விடுவதே என் யோசனை. திருகாணிகளும் மரச்சட்டமும் நம் பாடு. திருகாணிகள் பெரும்பாலும் பெட்டியின் உள்சுவரில், பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

வெளியே எடுத்ததும் பர்னரைப் பாருங்கள். முன்பு சுடர் மஞ்சளாக எரிந்திருந்தால், அதற்குச் சிலந்தி வலையும் துருத்தூளும் காரணமாக இருக்கலாம். கேஸ் பீய்ச்சி வரும் ஜெட்டின் நுண்துளையைக் கம்பியால் குத்த வேண்டாம். துளை பெரிதானால் கேஸ் கூடுதலாக வந்து கரி படியும்.

திரும்ப மாட்டும்போது பலரும் அசட்டையாக விடுவது, ஃப்ரிட்ஜைச் சுற்றி இடுக்கை அடைக்கும் ‘சீல்’. ஃப்ரிட்ஜின் முதுகுப்புறம், நாம் தூங்கும் அறையிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். வெளிச்சுவரின் கீழ்த் துவாரத்தில் காற்று வரும், மேலே சூடும் புகையும் போகும். இடையில் ஒரு இடுக்கு இருந்தாலும் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். எரியக்கூடிய ஃபோமை அடைத்துச் சமாளிக்கக் கூடாது. கையேடு சொல்லும் பொருள்தான் சரி. வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் அவசியம்.

மாட்டியபின் இணைப்பில் கசிவு காட்டும் திரவத்தைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு உலோகத்தை அரிக்கலாம். தீக்குச்சி கூடவே கூடாது. பற்றவைத்ததும் கேஸைத் திறக்கும் திருகு குமிழைச் சில விநாடிகள் அழுத்தியே பிடிக்க வேண்டியிருக்கும். பழைய மாடல்களில் சுடரின் சூட்டால் தெர்மோகப்பிளில் (இரு உலோகங்களை இணைத்த உணரியில்) உண்டாகும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம்தான் வால்வைத் திறந்து வைக்கிறது. சுடர் அணைந்தால் வால்வு மூடிக்கொள்ளும். அது தொல்லை தருகிறதென்று கழற்றி எறியக் கூடாது.

குளிர ஆரம்பிக்கச் சில மணி நேரம் ஆகும். உள்ளே திரவங்கள் ஈர்ப்பு விசையால்தான் ஓடுகின்றன. எனவே சரிவில் நிறுத்தினால் சரியாகக் குளிராது. பயணத்தில் கேஸை மூடி 12 வோல்ட்டில் ஓட்டுவது நல்லது, பெட்ரோல் பங்கில் நுழையும்போது பர்னர் எரியவே கூடாது.