மெயினை இறக்காமல் ஊசிப் பக்கம் கை போகக் கூடாது

மதுரை கப்பலூர்ப் பக்கம், மெத்தைக்குக் குயில்டிங் தையல் போடும் ஒரு பட்டறையிலிருந்து மெக்கானிக்கான எனக்குப் போன் வந்தது. "அண்ணே, லூப்பர் டைமிங் போயிருச்சு, கொஞ்சம் சீக்கிரம் வாங்க." போய்ப் பார்த்தால், நூல் கோக்கக் கையை விட்ட பையனின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கியிருக்கிறது. அவன் பதறிக் கையை இழுத்ததில் ஊசி வளைந்து, கீழே ஊசி நூலைக் கொக்கி போட்டுப் பிடிக்கும் லூப்பரில் மோதியிருக்கிறது. ஊசியும் லூப்பரும் சரியாகச் சந்திக்கிற டைமிங் போன கதை அதுதான். போன் செய்தவர் விரலைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊசித் தகட்டுக்குக் கீழே ரத்தம் துடைத்துப் போட்ட பனியன் வேஸ்ட்டை நான் பார்த்துக் கேட்ட பிறகுதான், பையன் பெரியாஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னார்கள். கூடவே, காது புளித்துப்போன அந்த வாக்கியமும் வந்தது: "மெஷின் நின்னுதாண்ணே இருந்துச்சு."

நின்றுதான் இருந்திருக்கும். யார் இல்லையென்றது? காளவாசல் சிக்னலில் நிற்கிற பஸ்ஸும் டிப்போவில் நிற்கிற பஸ்ஸும் ஒன்றா?

இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் ஊர் ஆபரேட்டர்களில் நிறையப் பேர் தையல் மெஷினில் கை பழகியவர்கள். பழைய கிளட்ச் மோட்டார், ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை உறுமிக்கொண்டே இருக்கும். உறுமல் நின்றால் ஆஃப். காதை நம்பி வேலை பார்த்தார்கள், சரியாகவும் இருந்தது. இப்போது வரும் மல்டி நீடில், அதாவது பல ஊசி, குயில்டிங் மெஷினில் இருப்பது சர்வோ மோட்டார். அது நிற்கும்போது மூச்சுக்கூட விடாது. ஆனால் மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டியில் கரண்ட் இருக்கிறது, மோட்டார் அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கிறது. அந்த உத்தரவு எங்கிருந்தும் வரலாம். மெஷின் எட்டடி அகலம். பின்னால் குனிந்து லூப்பர் நூல் பார்ப்பவன் முன்னால் நிற்பவனுக்குத் தெரியமாட்டான், அவன் பாட்டுக்கு ஸ்டார்ட்டைத் தட்டுவான். எலி கடித்த வயர் ஒட்டிக்கொண்டாலும் போதும்.

ஸ்டாப் பட்டன் என்பது மெஷினிடம் "கொஞ்சம் நில்" என்று சொல்வது மட்டும்தான். சிவப்புக் காளான் பட்டன், அதாவது எமர்ஜென்சி, அதைவிட மேல். ஆனால் அதையும் அடுத்து வருபவன் திருகி விடுவித்துவிட முடியும். அதை அழுத்தியிருந்தாலும் பேனலுக்குள் கரண்ட் இருக்கும். "கரண்ட் கட்டாயிருக்கு, இப்ப கைவிடலாம்" என்பது இன்னொரு அபத்தம். கரண்ட் போனது உங்கள் கையிலா இருக்கிறது? மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த ஸ்விட்சான காண்டாக்டர் சரியாக இருந்தால் கரண்ட் திரும்பும்போது மெஷின் தானாக ஓடாது. அதை யாரோ நேரடியாக இணைத்து வைத்திருந்தால் ஓடும். அப்படி வைத்திருக்கும் பட்டறைகள் இருக்கின்றன, நானே பிரித்துப் போட்டிருக்கிறேன்.

கரண்டை முழுதாகத் துண்டிக்கும் மெயின் ஸ்விட்சை, அதாவது ஐசோலேட்டரை, இறக்குங்கள். இறக்கிப் பூட்டுங்கள். பக்கத்தில்தான் திண்டுக்கல் இருக்கிறது, ஒரு பூட்டு வாங்க முடியாதா? பூட்டின் வளையம் மட்டும் ஐசோலேட்டர் ஓட்டைக்குள் நுழைகிற அளவா என்று பார்த்து வாங்குங்கள். சாவி, கைவிடுகிறவனின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிற சாவியும் பூட்டாத ஐசோலேட்டரும் ஒன்றுதான்.

பேனலைத் திறக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மூன்று பேஸ் 415 வோல்ட் உள்ளே போய் டிசியாக மாறும்போது 580 வோல்ட்டைத் தாண்டும். மெயினை இறக்கிய பிறகும் கெபாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தங்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அந்த நேரம் முடியாமல், சார்ஜ் விளக்கு அணையாமல் தொடாதீர்கள். கம்ப்ரசர் காற்றையும் மறக்க வேண்டாம். வால்வை மூடி, குழாயில் இருக்கும் காற்றை வெளியே விட்ட பிறகுதான் சிலிண்டர் தாங்கி நிற்கும் எதற்கும் கீழே கை போக வேண்டும்.

முதலாளிகள் உடனே சொல்வது: "ஒரு நூலுக்கு ஒரு தடவை மெயினை இறக்குனா கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும், டிசைன் பாதியில போயிரும்." நியாயமான பேச்சுதான். அதற்கு வழி பையனின் விரல் இல்லை. டிரைவுக்குப் போகும் சப்ளைக்குத் தனி ஐசோலேட்டர் போட்டு, கன்ட்ரோல் பக்கத்தைத் தனியாக ஓட விடலாம். மெஷினின் சர்க்யூட் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். வீட்டுக்கு ஃபேன் மாட்டுகிறவரைக் கூப்பிட வேண்டாம்.

சரி, கை ஏன் இத்தனை தடவை உள்ளே போகிறது? நூல் அறுவதால். நூல் ஏன் அறுகிறது என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அறுந்தவுடன் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். நூற்றுக்கும் மேல் ஊசி இருக்கும் மெஷினில் ஆளுக்கு ஒன்றாகத் திருகி வைத்தால் ஒரு வாரத்தில் எது சரியான நிலை என்பது ஒருவருக்கும் தெரியாது. மெஷினை நான் செட் செய்து கொடுத்துவிட்டு வரும்போது ஸ்க்ரூ மேலே பெயின்ட் கோடு போட்டுவிட்டு வருகிறேன். அடுத்த முறை போனால் கோடு எங்கேயோ இருக்கும், ஸ்க்ரூ எங்கேயோ இருக்கும்.

ஸ்க்ரூவை விடுங்கள். அறுந்த முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிரிபிரியாக இருந்தால் எங்கோ உரசுகிறது: ஊசிக்கண், கைடு, ஊசித் தகட்டின் ஓட்டை. கத்தியில் வெட்டியது போல இருந்தால் லூப்பர் முனையில் பிசிர் இருக்கும். முனை உருண்டு சின்ன மணி போலக் கெட்டியாக இருந்தால் சூடு. பாலியஸ்டர் நூல் 260 டிகிரிக்கு அருகில் உருகிவிடும். ஃபோமும் சிந்தெடிக் துணியுமாக வேகமாகக் குத்தும் ஊசி அவ்வளவு சூடாகும். அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், நூலுக்கு சிலிக்கான் ஆயில் கொடுக்க வேண்டும். டென்ஷனைத் திருகி என்ன பயன்?

ஊசியை உடைந்தால்தான் மாற்றுவது என்று நம் ஆட்களுக்கு ஒரு விரதம். முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கோடு விழுந்தால் தூக்கிப் போடுங்கள். ஊசிகள் வரிசையாக மாட்டியிருக்கும் ஒரு பாரில் 21-ஆம் நம்பர் ஊசியையும் 22-ஆம் நம்பர் ஊசியையும் கலந்து மாட்டாதீர்கள். 21 என்பது 1.3 மில்லிமீட்டர் தண்டு, 22 என்பது 1.4. ஊசிக்கும் லூப்பருக்கும் நடுவில் நாங்கள் விடுகிற இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், அதற்கும் குறைவாகவே பெரும்பாலும். கையிருப்பில் இருந்த ஊசியைச் சொருகிவிட்டு, தையல் விடுகிறது என்று எனக்குப் போன் செய்தால் நான் என்ன செய்ய? ஊசியின் குழிந்த பக்கம் லூப்பரைப் பார்க்க வேண்டும், தண்டு முழுதாக மேலே ஏறி முட்ட வேண்டும். அப்புறம் நூல்கண்டு ஸ்டாண்ட். கண்டுக்கு நேர் மேலே கைடு இருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக இழுக்கும் நூல் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டி வெட்டித்தான் வரும்.

மெஷினை இறக்கி வைக்கும்போதே ரசமட்டம் வைத்துத் தரை பார்ப்பது, தனி எர்த் போடுவது இதெல்லாம் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கத்திரி வெயிலில் ஃபோமைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கிறது என்றால் எர்த்தைப் பாருங்கள்.

பஞ்சுத் தூசியைக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்கும் பழக்கத்தை விடச் சொன்னால் என்னைக் கிறுக்கன் போலப் பார்க்கிறார்கள். ஆறு கிலோ அழுத்தத்தில் வரும் காற்று தூசியை வெளியே தள்ளாது, பேரிங்குக்குள்ளும் பேனலுக்குள்ளும் அடைக்கும். பிரஷ், வேக்குவம் போதும். போடி இலவம் பஞ்சு அடைக்கும் வேலையும் குயில்டிங்கும் ஒரே ஷெட்டில் நடந்தால் நடுவில் சுவர் எழுப்புங்கள். அந்தப் பஞ்சு பறந்து மோட்டார் மேலே உட்காரும், ஒரு பொறி போதும்.

நூல் அறுந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரில் டேப் ஒட்டியிருப்பவர்கள் இன்றே பிய்த்துவிடுங்கள். கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருக்கும் கார்டையும், அதாவது பாதுகாப்பு மறைப்பையும், மாட்டுங்கள். ஓடும் பாகத்துக்கு மறைப்பு வேண்டும், ஓடும்போது அது இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு எழுதிவிட்டார்கள். சீர்வரிசைக் கட்டில் மெத்தைக்குத் தையில் ஆள் நெருக்குவார்கள், புரிகிறது. ஆடியில் ஆர்டர் படுத்திருக்குமே, பேரிங், டைமிங், பெல்ட் எல்லாவற்றையும் அப்போது பார்க்கக் கூப்பிடுங்கள். வடமாநிலத் தம்பிகள் வேலை பார்த்தால் எச்சரிக்கையை இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். மெஷினோடு வந்த சீன எழுத்தை அவர்களும் படிக்க முடியாது, நீங்களும் படிக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊசி இறங்கிவிட்டால், ஊசியை மேலே தூக்குவதாக நினைத்து ஸ்டார்ட்டைத் தட்டாதீர்கள். மெயினை இறக்குங்கள், ஊசியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள், ஊசியோடு கை வெளியே வரட்டும். விரலில் இருப்பதைப் பிடுங்க வேண்டாம், டாக்டர் எடுப்பார். காபித்தூள், மஞ்சள் எதுவும் அப்பாதீர்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு டேப்பில் ஒட்டி எடுத்துப் போங்கள். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் உடைந்த ஊசியை இப்படித்தான் ஒட்டிக் கணக்கு வைக்கிறார்கள். துண்டு குறைந்தால் அது விரலில் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். விரலில் இல்லையென்றால் மெத்தைக்குள் இருக்கும், அந்த மெத்தையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது.

பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறை என்றால் எல்லோரையும் இ.எஸ்.ஐ.யில் பதிந்திருக்கிறீர்களா என்று இன்று மாலைக்குள் பாருங்கள். அடிபட்ட பையனைத் தத்தனேரி இ.எஸ்.ஐ. வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஆடிட்டருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.