மஞ்சள் பாம்பை வெட்டாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கைத் திறக்க வந்தபோது வாசலில் ஓர் உரச்சாக்கு கிடந்தது. கொண்டுவந்தவர் பக்கத்திலேயே நின்றார். வாழைத்தோட்டக்காரர், அவருடைய ஆடுகளுக்கு நான்தான் வைத்தியம். "டாக்டர், விஷப் பாம்பு. என் நாய் அதுகிட்டே போய்விட்டது. நாய்க்கு ஊசி ஏதாவது போடணுமா?" என்றார். சாக்கைப் பிரித்தேன். முன்பாதி பொன்மஞ்சள், பின்னால் போகப்போகக் கறுப்புப் பட்டைகள் நெருங்கி, வால் முழுக் கறுப்பு. கிட்டத்தட்ட ஆறடி. உடம்பில் நான்கு வெட்டு. நாயின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

இந்த வருடத்தில் என்னிடம் வந்த ஏழாவது சாக்கு இது.

நான் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவன். ஜமைக்காவின் போர்ட்லேண்ட் பகுதியில் வேலை பார்க்கிறேன். இங்கே 'மஞ்சள் பாம்பு' என்று ஊர்க்காரர்கள் சொல்வது ஜமைக்கா போவா, நம் மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி நெரிக்கிற பாம்பு. சிலர் 'நங்கா' என்பார்கள். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது, இந்த ஒரு தீவில் மட்டும்தான். தீவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் மாதம் ஒரு படமாவது வந்துவிடுகிறது. "சார், இது கட்டுவிரியனா?" என்று கேட்கிறார்கள். பாதிப் படங்களில் பாம்புக்கு உயிர் இல்லை. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில் மனித உயிருக்கு ஆபத்தான விஷப் பாம்பு கிடையாது. ஒன்றுகூட. நாகம் இல்லை, விரியன் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் பயங்கரமான குழிவிரியன்கள் கரீபியனில் மார்ட்டினிக், செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் உண்டு, டிரினிடாடிலும் உண்டு. இங்கே இல்லை. அந்தத் தீவுகளின் கதைகள் கடல் தாண்டி வந்து இந்த அப்பாவிப் பாம்பின் தலையில் ஏறிவிட்டன. நம்மவர்களோ ஊரிலிருந்து நாலு விஷப் பாம்பின் பயத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். ஊரில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. இங்கே இல்லை.

"மஞ்சளாக இருக்கிறதே, பளபளக்கிறதே?" நிறத்துக்கும் விஷத்துக்கும் சம்பந்தம் இல்லை. "இவ்வளவு பெரிசாக இருக்கிறதே?" நம் ஊர் மலைப்பாம்பு இதைவிட ரொம்பப் பெரிது, அதற்கு விஷமா இருக்கிறது? "சீறியது டாக்டர்." சீறத்தான் செய்யும், நீங்கள் கத்தியோடு நிற்கிறீர்கள். "குழந்தையை விழுங்கிவிடுமே?" அதன் தலையை இந்தக் கையில் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். எலி, வௌவால், பறவை, மிஞ்சிப்போனால் ஒரு கோழி. அதற்கு மேல் அந்த வாய்க்குள் போகாது. பல் உண்டு, விஷப்பல் கிடையாது. கடித்தால் முள் கீறியதுபோல வரிசையாக ரத்தப் பொட்டுகள் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று பாருங்கள், போதும். எனக்குக் கையுறை போடாத அவசரத்தில் மூன்று முறை கடிபட்டிருக்கிறது. பூனைக்கடி இதைவிட மோசம். அதில் சீழ் வைத்து நான் படுத்தே இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பாம்புக்கு வருகிறேன். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் தேசியச் சுற்றுச்சூழல் திட்டமிடல் முகமைக்குத் தகவல் சொல்லிவிட்டு, அறுத்துப் பார்த்தேன். இரைப்பையில் பாதி செரித்த ஒரு பெரிய எலி, வால் மட்டும் முழுசாக. அதற்குக் கீழே மெல்லிய சவ்வுப் பைகளில் சுருண்டு சுருண்டு பதினொரு குட்டிகள். போவா முட்டையிட்டுவிட்டுப் போகிற பாம்பு இல்லை. மாதக்கணக்கில் வயிற்றில் சுமந்து உயிருள்ள குட்டிகளாகப் போடும். நம் ஊர் மண்ணுளிப் பாம்பும் இதற்குத் தூரத்துச் சொந்தம், அதுவும் குட்டி போடுகிற ஜாதிதான். (அதை 'இருதலைப் பாம்பு' என்று லட்சக்கணக்கில் விலைபேசி ஏமாற்றுகிறார்களே, அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.) குட்டிகளின் தோலில் ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. வெட்டு ஒன்று இரண்டு பைகளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எலியா தின்றிருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், எலிதான். அவருடைய இரண்டு நாய்களுக்கு எலிக்காய்ச்சலுக்காக நான் மருந்து கொடுத்திருக்கிறேன். கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்தவை, ஒன்று பிழைக்கவில்லை. மழைக்காலத்தில் இங்கே மனிதர்களுக்கும் அந்தக் காய்ச்சல் வருகிறது. ராத்திரியில் மரத்திலும் கூரையிலும் ஏறி எலி பிடிக்கிற பெரிய பிராணி இந்தத் தீவுக்கு இயற்கை கொடுத்தது இந்தப் பாம்புதான்.

எலிக்கு வைத்தியம் என்று மனிதர்கள் கொண்டுவந்ததைப் பாருங்கள். 1844-ல் பெரிய கரும்புத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் தோலில் நஞ்சு, அதை விழுங்கும் பாம்புக்கே ஆபத்து. 1872-ல் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்ட முதலாளி கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்து, இதே போர்ட்லேண்டில் ஸ்பிரிங் கார்டன் எஸ்டேட்டில் விட்டார். சில வருடங்களில் தீவு முழுக்கக் கீரி. கீரி பகலில் வேட்டையாடும், எலி ராத்திரியில் நடமாடும். கொஞ்ச நாளில் கீரிகள் தரையில் வாழும் பறவை, ஓணான், பாம்பு என்று இறங்கிவிட்டன. ஜமைக்காவின் கறுப்பு ரேசர் பாம்பு பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. மஞ்சள் பாம்பு தப்பித்தது ராத்திரியில் நடமாடுவதாலும், பகலில் மரத்தின் மேலே கிடப்பதாலும்தான். குட்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பும் முழுசாக இல்லை.

இதை உயிரோடு பார்க்க வேண்டுமானால் டிரெலானியில் விண்ட்சர் குகைக்குப் போங்கள். காக்பிட் கன்ட்ரியின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. இருட்டும் நேரத்தில் வௌவால்கள் புகைபோலக் கிளம்பி வரும். குகை வாயில் கொடியோடு கொடியாக ஒரு பாம்பு வாலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அசையவே அசையாது. உடம்பில் டார்ச் வெளிச்சம் பட்டால் மஞ்சளுக்கு மேலே ஊதா மினுக்கம் ஓடும். வௌவால்கள் முகத்தை உரசிக்கொண்டு போகும், அப்போதும் சும்மா இருக்கும். திடீரென்று ஒரு வௌவால் பறந்துகொண்டிருந்த இடத்தில் இல்லை, பாம்பின் சுருளுக்குள் இருக்கும். நான் முதல் தடவை பார்த்தபோது கொசுக்கடியையே மறந்து நின்றேன்.

சரி, வீட்டில் வந்தால் என்ன செய்வது?

நாயையும் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிடுங்கள். பாம்பிடமிருந்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். தோட்டத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், அது போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழ்ச்சந்தில் துண்டைச் செருகிவிட்டு, முகமைக்கோ கிங்ஸ்டன் ஹோப் விலங்குக் காட்சியகத்துக்கோ எனக்கோ போன் செய்யுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், பினாயில் ஊற்றாதீர்கள். தோல் வெந்து வரும் பாம்பை என்னால் அநேகமாகக் காப்பாற்ற முடிவதில்லை. எலிக்கு வைத்த ஒட்டும் அட்டையில் சிக்கியிருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள், அட்டையோடு கொண்டுவாருங்கள். சமையல் எண்ணெய் தடவி நான் எடுத்துக்கொள்கிறேன். புயல் முடிந்த வாரத்தில் கூடுதலாகக் கவனியுங்கள். 2024-ல் பெரில் புயல் அடித்தபிறகு கூரைக்குள்ளும் கார் இன்ஜினுக்குள்ளும் வந்திருந்தன, மரம் விழுந்தால் அவை வேறெங்கே போகும்?

கோழி வளர்ப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. கோழி போனால் நஷ்டம் நஷ்டம்தான். அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடியுங்கள், கதவுச் சந்தை அடையுங்கள், சிந்திய தீவனத்தைக் கூட்டுங்கள். தீவனத்துக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது.

பிடித்து விற்கலாம், ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். 1945-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸில், மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக, குறுக்கே கரும்பட்டைகளோடு மெல்லிசான பாம்பு தென்பட்டால் அது புது ஜாதி இல்லை, மஞ்சள் பாம்பின் குட்டி. வளர்ந்த பிறகுதான் மஞ்சளாகும். பெரியதை அடையாளம் தெரிந்தவர்கள்கூடக் குட்டியை மிதித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நடுராத்திரியானாலும் பார்த்துப் பதில் சொல்கிறேன். வாழைத்தோட்டக்காரர் வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒன்று அனுப்பியிருந்தார். வாழைத்தாரின் மேல் சுருண்டு கிடந்தது, உயிரோடு.