வரிசையாக ‘ஆர்’ என்று வந்த ஒரு ரிப்போர்ட்

வருடக் கடைசியில், அந்த வருடம் படித்த புத்தகங்களையும் உலகத்தில் நடந்தவற்றில் மனதில் நின்றவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். 2024க்கு எழுத நிறையவே இருக்கிறது. வயநாடு நிலச்சரிவு, அமெரிக்கத் தேர்தல், 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷ், ஏற்காடு மலைப்பாதையில் மண்ணைச் சரித்துவிட்டுப் போன ஃபெஞ்சல் புயல். ஆனால் டாக்டரான எனக்கு நோட்டைத் திறந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்தான், அதாவது நோயாளியிடம் இருக்கும் கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கு (பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் மருந்து) கட்டுப்படும் என்று லேபில் வளர்த்துப் பார்த்துச் சொல்லும் ரிப்போர்ட்.

அம்மாபேட்டைப் பக்கமிருந்து வரும் ஒரு பாட்டி (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பல வருடமாகச் சர்க்கரை. சிறுநீர் போகும்போது எரிச்சல், குளிர் காய்ச்சல் என்று மகன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினோம். அந்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் எதிரே ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ என்று போட்டிருப்பார்கள். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. பாட்டிக்கு மேலிருந்து கீழே வரைக்கும் ஆர், ஆர், ஆர். வாயில் போடும் மாத்திரையில் அவருக்கு ஒத்துவரும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசி போட்டுத்தான் காப்பாற்ற முடிந்தது.

தேறியபிறகு மெதுவாகக் கேட்டேன், இதற்கு முன்னால் எரிச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. “கடையில நாலு மாத்திரை வாங்கிப் போடுவேன் கண்ணு. ரெண்டு போட்டாலே நின்னுரும். மீதியை டப்பாவுல வெச்சு அடுத்த தடவைக்குப் போட்டுக்குவேன்.” எத்தனை வருடமாக என்றால், அவருக்கே கணக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. டாக்டரிடம் வந்தால் ஒரு நாள் தறி நிற்கும், பீஸ் வேறு. அந்த மாத்திரையை அப்படிச் சாப்பிடக்கூடாது என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொன்னதே இல்லை, நான் உட்பட.

அதே மாதத்தில்தான் பென்சிலின் உருவான கதையை எரிக் லேக்ஸ் எழுதிய புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஃபிளெமிங் 1928இல் பூஞ்சையைப் பார்த்தது நமக்குப் பள்ளியிலேயே தெரியும். அதை மருந்தாக்க ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி என்ற விஞ்ஞானியின் குழு பட்ட பாடுதான் எனக்குப் புதிது. 1940இல் ஜெர்மன் படை வந்துவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தப்பியோட வேண்டும், ஆனால் பூஞ்சை மட்டும் போய்விடக் கூடாது என்று, அதன் வித்துகளைத் தங்கள் கோட்டுத் துணியில் தேய்த்து வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரியில் ஒரு போலீஸ்காரருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்தவர், சில நாட்களில் எழுந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பிறகு மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்துப் பார்த்தும் போதாமல், மார்ச்சில் இறந்துபோனார். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றிரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. அவருக்கு மருந்து கேட்டது, ஆனால் போதுமான மருந்து இல்லை. அம்மாபேட்டைப் பாட்டிக்குத் தெருவுக்குத் தெரு மருந்துக்கடை இருக்கிறது, மருந்துதான் கேட்கவில்லை.

1945 டிசம்பர் 11, நோபல் பரிசு வாங்கியபோது ஃபிளெமிங் பேசிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பம் வருகிறது. தொண்டை வலி வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கி அரைகுறை அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது, பென்சிலின் வேலை செய்யாமல் அவர் இறந்துபோகிறார். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவன்தான் என்கிறார் ஃபிளெமிங். கிட்டத்தட்ட 80 வருடத்துக்கு முன்னால் சொன்னது.

2024 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் ஐ.நா. சபையில் உலக நாடுகள் இதற்கென்றே கூடின. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளோடு தொடர்புடைய சாவுகள் 2019இல் மட்டும் சுமார் 49.5 லட்சம், அதை 2030க்குள் 10 சதவீதம் குறைப்போம் என்று உறுதி எடுத்தார்கள். அதே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 1990லிருந்து 2021க்குள் குழந்தைகளிடம் இந்தச் சாவுகள் பாதிக்கு மேல் குறைந்திருக்கின்றன, 70 வயதைத் தாண்டியவர்களிடம் 80 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கின்றன என்கிறது. என் கிளினிக் பெஞ்சில் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த வயதுதான். அமெரிக்கத் தேர்தலைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எத்தனையோ பேர், இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். புயல் மழைக்கு அப்புறம், ஏற்காடு எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கும் ஒருவர் காய்ச்சலோடு இறங்கி வந்தார். ரோடு அடைத்திருந்ததால் மேலேயே வைத்திருந்த ஏதோ ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் போட்டிருக்கிறார், இறங்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் இடுப்பு மடிப்பில், பீடி சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு. உண்ணிக்காய்ச்சல். புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வருவது. அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு, இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. அவர் போட்டதும் ஆன்டிபயாடிக்தான், ஆனால் இந்தக் கிருமியை அது ஒன்றும் செய்யாது. ஆன்டிபயாடிக்கே கெட்டது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சரியான ஆளுக்குச் சரியான மருந்து, சரியான நாளில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சளி, தும்மல், சாதாரணத் தொண்டை கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, தயவுசெய்து கேட்டு வாங்காதீர்கள். மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். கடையில் ‘செட்’ போட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எத்தனை நாள் சொன்னோமோ அத்தனை நாள் போடுங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்துவதற்கு முன் ஒரு போன் செய்து கேளுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, உடம்பில் கருப்புப் பொருக்கு என்றால் கடைக்குப் போகாமல் நேராக வாருங்கள். அப்புறம், எங்களிடம் தைரியமாகக் கேளுங்கள், “இது ஆன்டிபயாடிக்கா, எனக்குத் தேவையா?” என்று. எங்களில் சிலரும் அவசரத்தில் எழுதிவிடுகிறோம். இந்த வருடம் நானே இரண்டு முறை எழுதிய சீட்டை வாங்கி அடித்திருக்கிறேன்.

போன வாரம் பாட்டி வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாதி பிய்த்த அட்டைகள், தேதி முடிந்தவை, பெயரே அழிந்துபோனவை. இரண்டு பேரும் சேர்ந்து பிரித்து வைத்தோம். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு, மீதியை என்னிடமே விட்டுவிட்டு, டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிப்போனார், பேரனுக்கு முறுக்கு வைக்க.