கத்தரிப் பூவை உலுக்குற கருவண்டு

காலைல ஏழு மணி வாக்குல கத்தரித் தோட்டத்துல ஒரு அஞ்சு நிமிஷம் அசையாம நின்னு கேட்டுப் பாருங்க. கருவண்டு ஒண்ணு, அதான் மரத்தைக் குடைஞ்சு கூடு கட்டுற பெரிய கறுப்புத் தேனீ, கனமா ரீங்காரம் போட்டுக்கிட்டு வரும், பூவைக் கவ்வித் தொங்குனதும் அந்தச் சத்தம் நின்னுடும், அடுத்த நிமிஷமே வேற ஒரு சத்தம், கீச்சுன்னு மெலிசா விட்டு விட்டு வரும். அப்ப றெக்கையைப் பாருங்க, மடங்கியேதான் இருக்கும்.

விஷயம் பூவுலதான் இருக்கு. நடுவுல மஞ்சளா குழல் மாதிரி நிக்குதே, அதான் மகரந்தப்பை. செம்பருத்தில விரலை வச்சா பொடி ஒட்டும், இதுல அப்படி ஒட்டாது, மகரந்தம் எல்லாம் உள்ள அடைஞ்சு கிடக்கும், நுனியில சின்னத் துளை மட்டும்தான். உலுக்கினாத்தான் கொட்டும். வண்டு றெக்கையை இயக்குற நெஞ்சுத் தசையை மட்டும் துடிக்க விடும், பைக்கை நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டரை முறுக்குற மாதிரின்னு வச்சுக்கோங்களேன். செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை அதிர்ற அந்தத் துடிப்பு பூவுக்குள்ள இறங்கி, பொடி துளை வழியா வண்டோட வயித்துல சிதறும். தக்காளி, சுண்டை, மணத்தக்காளி, ஆவாரம் எல்லாமே இந்த ரகம்தான். நீலப்பட்டை போட்ட சின்னத் தேனீ ஒண்ணும் இதே வேலையைச் செய்யும். ஆனா பெட்டியில வளக்குற தேனீக்கு இந்த வித்தை தெரியாது, அதனால கத்தரிக்குப் பெட்டி வச்சா பெருசா பிரயோஜனம் இல்ல.

காத்துல ஆடியும் கொஞ்சம் காய் பிடிக்கும், அதை இல்லைன்னு சொல்லல. சூல்தண்டு, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கிற நடுத்தண்டு, குட்டையா இருக்குற பூ எந்த வண்டு வந்தாலும் உதிர்ந்துதான் போகும், அதனால உதிர்ற பூவுக்கெல்லாம் வண்டு வராததையே காரணமாச் சொல்லக் கூடாது. ஆனா நல்ல பூவுல வண்டு வந்துட்டுப் போச்சுன்னா காய் நல்லாத் திரண்டு வரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். கத்தரிப் பூவுல மகரந்தம் உண்டு, தேன் கிடையாது. வண்டு பறக்கத் தெம்பு வேணும்னா எருக்கு, துவரைன்னு வேற பூவைத் தேடித்தான் போகணும். குடியிருக்க காஞ்ச மூங்கிலோ செத்த கிளையோ வேணும். நாம என்ன பண்றோம், வரப்புல இருக்குற எருக்கைக் களைக்கொல்லி அடிச்சுக் கருக்குறோம், உயிர்வேலியை வெட்டிட்டு கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்குறோம், அப்புறம் வண்டைக் காணோமேன்னு கேக்குறோம்.

எங்க சித்தப்பா புடலைப் பந்தலைப் பிரிச்சப்ப பழைய மூங்கில் ஒண்ணைப் பொளந்து பாத்தேன். உள்ள வரிசையா அறை, ஒவ்வொண்ணுலயும் மகரந்தமும் தேனும் பிசைஞ்ச ஒரு உருண்டை, அது மேல ஒரே ஒரு முட்டை, நடுவுல மரத்தூளால தடுப்பு. முட்டை அரிசி மணியை விடப் பெருசு, பூச்சி இனத்துலயே ரொம்பப் பெரிய முட்டை போடுறது இந்த வகைதான். அதனால ஒரு பெண் வண்டு போடுறது கொஞ்சமே கொஞ்சம். ஒரு வண்டு மருந்துல செத்துச்சுன்னா அந்த இழப்பை ஈடுகட்ட ரொம்ப நாள் ஆகும்.

காய்ப்புழுவுக்குப் பயந்து கத்தரிக்குத் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறாங்க, அதுவும் பூ விரிஞ்சு வண்டு வர்ற காலை நேரத்துல. சாயங்காலம் வண்டு கூட்டுக்குப் போன பெறகு அடிச்சா நேரா மேல படுறதாவது குறையும். இமிடாக்ளோபிரிட் மாதிரி செடிக்குள்ள ஊடுருவுற மருந்துக்கு அந்தக் கணக்கும் செல்லாது, அது மகரந்தத்துக்கே போயிடும். ஐரோப்பிய யூனியன் 2018ல இது உட்பட 3 மருந்தைத் திறந்தவெளி வயல்ல அடிக்கவே தடை போட்டுச்சு.

சித்தப்பா இப்ப இரும்புக் குழாய்லதான் பந்தல் போட்டிருக்காரு. நான் கெஞ்சிக் கேட்டதால நாலு காஞ்ச மூங்கிலை மட்டும் வேலியோரம் படுக்கை வசமாக் கட்டி விட்டாரு, எருக்கையும் வெட்டாம விட்டிருக்காரு. போன வாரம் போனப்ப ஒரு மூங்கிலோட அடிப்பக்கம் சுண்டுவிரல் கனத்துக்கு வட்டமா ஒரு ஓட்டை, அதுக்கு நேர் கீழ மண்ணுல மஞ்சளா மரத்தூள் கொட்டிக் கிடந்துச்சு.